பெறுபவரின் முகம்

முதலாம் உலகப் போர் 1918 நவம்பரில் ஓய்ந்த பின்னரும், ஜேர்மனி, ஒஸ்திரியா நாடுகளின் மீது நேசநாடுகள் விதித்திருந்த கடல் முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தது. உணவின்றி வாடியோரில் குழந்தைகள் ஏராளம். 1919இல் எக்லன்ரைன் ஜெப் என்னும் ஆங்கிலப் பெண்மணி, பட்டினியால் உருக்குலைந்த ஒஸ்திரியக் குழந்தையின் படம் தாங்கிய துண்டுப்பிரசுரத்தை இலண்டன் ட்ரபல்கார் சதுக்கத்தில் விநியோகித்தார். தணிக்கை அனுமதி பெறாத குற்றத்திற்காகக் கைதாகி, ஐந்து பவுண் தண்டமும் விதிக்கப்பெற்றார். அவருக்கெதிராக வாதாடிய அரச சட்டத்தரணியே அத்தொகையை அவரிடம் கொடுத்தார். அவ்வாண்டிலேயே 'சேவ் த சில்ரன்' அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டு பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் தமது சுற்றுமடலொன்றில் அவ்வமைப்பைப் பெயர் குறிப்பிட்டே பாராட்டினார்.

ஆகவே துன்புறுவோரின் படத்தைக் காட்டுவதே தவறு என்று நாம் கூறிவிட முடியாது. ஜெப் அம்மையார் படத்தோடு காரணத்தையும் அச்சிட்டார். இக்குழந்தையைப் பட்டினி போடுவது நமது முற்றுகையே என்று தம் சொந்த நாட்டவருக்கே எடுத்துரைத்தார். பார்த்தவர் இரங்கியதோடு நின்றுவிடவில்லை. தமக்கும் அதில் பங்குண்டு என்பதை உணர்ந்தார்.

1984 ஒக்ரோபரில் எதியோப்பியாவின் கோரெம் முகாமிலிருந்து பிபிசி ஒளிபரப்பிய காட்சிகள் உலகையே உலுக்கின. மறு ஆண்டு யூலையில் 'லைவ் எயிட்' இசைநிகழ்ச்சி பெருநிதி திரட்டியது. அந்நிதியால் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் பஞ்சத்தைக் கொடிதாக்கிய உள்நாட்டுப் போரும் அரசின் செயல்களும் பின்னே தள்ளப்பட்டு, வரட்சியும் மெலிந்த உடல்களுமே மக்கள் மனதிற் பதிந்தன. 2002இல் 'வீ.எஸ்.ஓ.' என்னும் பிரித்தானியத் தன்னார்வ அமைப்பு வெளியிட்ட ஆய்வின்படி, பிரித்தானியரில் 80 சதவீதத்தினர் வளர்முக நாடுகள் என்றதும் பஞ்சத்தையும் அழிவையும் மேற்குலகின் உதவியையுமே நினைத்தனர். உழுது விதைப்பவரும் பள்ளி நடத்துபவரும் அவர்கள் கண்ணிற் படவில்லை.

இக்குறையைத் தொண்டு நிறுவனங்களே உணர்ந்தன. ஐரோப்பிய அரச சார்பற்ற நிறுவனங்கள் 1989இல் படங்களுக்கும் செய்திகளுக்குமென ஓர் ஒழுக்கக் கோவையை ஏற்றன. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் கரித்தாஸ் உள்ளிட்ட அமைப்புகளும் முன்வைத்த நடத்தைக் கோவையின் பத்தாம் விதி, அனர்த்தத்தில் அகப்பட்டோரை மாண்புள்ள மனிதராகக் காட்ட வேண்டும், கதியற்ற பொருட்களாகக் காட்டலாகாது என்கிறது.

விதி வகுத்துப் பத்தாண்டுகள் கழித்து, 2004 மார்கழியில் கடற்கோள் நம் கரைகளைத் தாக்கியது. பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களின் முகத்தருகே கமெராக்கள் நீண்டதை நம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். இன்று அதற்குக் கமெராக்காரரும் தேவையில்லை. புத்தகப்பை வழங்கும் வைபவத்தில், கொடுப்பவர் ஒரு கையும் பெறுகின்ற பிள்ளை ஒரு கையுமாகப் பையைப் பற்றியபடி, படம் எடுத்து முடியும்வரை நிற்கின்றனர். மாலைக்குள் அது முகநூலில் ஏறிவிடுகிறது. மறுநாள் வகுப்பறையில் அப்பிள்ளையின் நிலை என்னவென்று எவரும் கேட்பதில்லை.

படமில்லாவிட்டால் புலம்பெயர்ந்த உறவுகள் நம்பமாட்டார்களே என்பது இப்பணிகளில் ஈடுபடுவோரின் நியாயமான கவலை. உண்மைதான், பணம் அனுப்பியவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் அழுத முகம் எதற்குச் சான்று? தேவை இருந்ததற்கு மட்டுமே. பணம் உரிய இடம் சேர்ந்ததற்குச் சான்று கடைப் பற்றுச்சீட்டு, அதிபரின் கடிதம், கணக்காய்வு அறிக்கை ஆகியனவே. எத்தனை பிள்ளைகள், எவ்வளவு செலவு, எத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினர் என்று ஆண்டுதோறும் ஒரு பக்கம் எழுதியனுப்பும் சிறு அமைப்பு, நூறு படங்கள் அனுப்பும் அமைப்பைவிட நீண்டகாலம் நம்பப்படும்.

படம் தேவையெனில் சம்மதத்தைப் பொருள் கொடுக்குமுன், பெற்றோரிடம் கேட்கவேண்டும். பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்? மறுத்தாலும் உதவி கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று.

1833இல் பாரிஸ் மாநகரில் பிரெடெரிக் ஒசானாமும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் டி போல் சபை நம் பங்குகள் பலவற்றிலும் இயங்குகிறது. அதன் அங்கத்தவர்கள் வறியோரை அவர்தம் இல்லங்களுக்கே சென்று சந்திப்பர். உதவி பெறும் குடும்பங்களின் விபரத்தை வெளியே பேசமாட்டார்கள். கூட்ட முடிவில் துணிப்பையொன்று சுற்றிவரும். யார் எவ்வளவு இட்டார் என்பதும் அடுத்திருப்பவருக்குத் தெரியாது.