மலையில் பிறந்த கமரா

பட்டிப்பொலையில் ஆடி மழை விடாமல் பெய்த ஒரு நாள், மாமாவின் அலுமாரியை ஒதுக்கும்போது அந்த யாஷிகா கமரா கையில் அகப்பட்டது. தோலுறை முழுக்கப் பூஞ்சணம். அதன் இரண்டு வில்லைகளில் கீழ்வில்லையை டோர்ச் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். கண்ணாடிக்கு உட்புறம் சிலந்தி வலைபோல மெல்லிய வெள்ளை நூல்கள்.

இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் எங்கள் ஊருடையது. ஏறத்தாழ 1,890 மீட்டர். மேகம் இங்கே கேட்காமலே வீட்டுக்குள் வரும். காற்றின் ஈரப்பதன் நாட்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால், வில்லையில் ஒட்டிக் கிடக்கும் பூஞ்சை வித்துகள் முளைத்துவிடும். தூசியும் விரல் எண்ணெயும் அவற்றுக்குத் தீனி. அவை கக்கும் அமிலம் முதலில் வில்லையின் மேற்பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால், பாதுகாப்பாக மூடி வைத்த கமராதான் சீக்கிரம் கெட்டுப்போகிறது.

மலைக்காற்று தின்னும் இந்தக் கமராவும் ஒரு மலைநாட்டில் பிறந்ததுதான். ஜப்பானின் நகானோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 760 மீட்டர் உயரத்தில் சுவா ஏரி இருக்கிறது. ஒரு காலத்தில் அதன் கரையெங்கும் பட்டு நூற்பாலைகள். வறிய மலைக்கிராமங்களின் இளம்பெண்கள் பனி மூடிய கணவாய்களைக் கடந்து அங்கே வேலைக்கு வந்தார்கள். கொழுந்துக் கூடை சுமந்த நம் பாட்டிமாருக்கு அந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் பட்டின் விலையைச் சரித்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நுண்கருவித் தொழிற்சாலைகள் டோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்து அந்த ஏரிக்கரைக்கு வந்தன.

அந்தச் சூழலில்தான் 1949 டிசம்பரில் யாஷிமா செய்கி என்ற சின்னப் பட்டறை திறந்தது. மொத்தம் எட்டுப் பேர். மின்கடிகாரங்களுக்கு உதிரிப்பாகம் செய்வதே வேலை. அங்கிருந்து கமரா உதிரிப்பாகங்களுக்கும், 1953இல் முழுக் கமராவுக்கும் போனார்கள். 1957இல் யாஷிகா-மாட் வந்தது. அடுத்த ஆண்டு நிறுவனத்தின் பெயரே யாஷிகா ஆயிற்று. யாஷிகா-மாட்டுக்கு ஜெர்மனியின் ரொலைஃபிளெக்ஸ் கமரா போலவே இரண்டு வில்லைகள், விலையோ மிகக் குறைவு. மாமாவிடம் இருந்த மாட்-124ஜி 1970இல் வெளிவந்த வகை.

மேல்வில்லை பார்ப்பதற்கு, கீழ்வில்லை படம் பிடிப்பதற்கு. மேல்வில்லை வழியே வரும் ஒளியை 45 பாகைச் சாய்வில் இருக்கும் கண்ணாடி மேலே திருப்பி, மங்கல் கண்ணாடித் திரையில் விழுத்தும். உருவம் நேராக நிற்கும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். ஒரு பிலிம் சுருளில் 12 சதுரப் படங்கள்.

திரை மேலே இருப்பதால் கமராவை வயிற்றோடு அணைத்து, தலை குனிந்துதான் பார்க்க வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் துரைக்கு முன்னால் தலை குனிந்தே நின்ற சனங்கள், மாமாவின் கமராவுக்கு முன்னால் நிமிர்ந்து நிற்பார்கள். குனிவது மாமா.

"அக்கா, பிள்ளைய கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நிப்பாட்டுங்க" என்று சொல்லிவிட்டு எந்தப் பக்கம் என்று அவரே ஒரு கணம் தடுமாறுவாராம். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்ட எத்தனையோ குடும்பங்களை லயத்து வாசலில் கடைசியாகச் சேர்த்து நிறுத்திப் படம் பிடித்தது இந்தக் கமரா. படத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் கொழும்புப் பக்கம் போகும் ரயிலில் ஏறினார்கள்.

யாஷிகாவை 1983இல் கியோசெரா நிறுவனம் வாங்கியது. 2005இல் கமராத் தொழிலையே கைவிட்டது. மாமாவின் கமராவை நான் தோலுறையிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். கீழ்வில்லை இனித் தேறாது. மேல்வில்லையில் பூஞ்சை ஏறவில்லை.

மழை விட்ட மாலைகளில் அதை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவேன். குனிந்து பார்ப்பேன். கொழும்புக்கு இறங்கும் ரயில், மங்கல் கண்ணாடியில் பதுளைப் பக்கம் ஓடுகிறது.