கண்டியில் சேனையை வென்ற காய்ச்சல்

இன்றைய சிறுவர்கள் ஆவலோடு படிக்கின்ற சித்திரக் கதைகளில், மலையைப் பெயர்த்தெறிபவரும் விண்ணிலே பறப்பவருமான மாவீரர்கள் காரணம் விளங்காத வியாதி ஒன்றினால் பலமிழந்து ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்து கிடக்க, இனி இவர்கள் கதி என்னவாகுமோ என்று வாசிப்பவர் நெஞ்சம் பதைக்கின்ற கட்டம் ஒன்று எப்படியும் வந்துவிடுகிறது. வானர சேனை முழுவதும் உணர்விழந்து கிடக்க, அநுமன் மருந்து மலையைச் சுமந்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஆயினும் கதையிலன்றிச் சரித்திரத்திலேயே, அதுவும் நாம் கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் நடந்து திரிகின்ற இந்தக் கண்டி மாநகரிலேயே, வெல்லற்கரியதென்று பெயரெடுத்த ஒரு சேனை கண்ணுக்குப் புலப்படாத நோயொன்றினால் சில மாதங்களுக்குள் உருக்குலைந்து போன வரலாற்றை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை. அது நிகழ்ந்த ஆண்டு 1803.

ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தரிடமிருந்து 1796இல் கைப்பற்றியிருந்தனர். மலைநாடு மாத்திரம் கண்டி அரசின் கையிலே இருந்தது. மதுரை நாயக்கர் வழிவந்தவரும், கண்ணுசாமி என்ற இளமைப் பெயர் கொண்டவருமான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1798ஆம் ஆண்டு முதல் அங்கே சிங்காசனத்தில் இருந்தார். அரசுகள் யுத்தத்தை விரும்பிவிட்டால் அதற்கொரு முகாந்தரம் கிடைப்பது அரிதன்று. புத்தளத்து வர்த்தகர்களின் பாக்கு மூட்டைகளைக் கண்டி அதிகாரிகள் பறித்துக்கொண்டார்கள் என்ற வழக்கே தேசாதிபதி பிரெடரிக் நோர்த்துக்குப் போதுமாயிற்று. நான்கே ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானை வீழ்த்திய வல்லரசு, சிறியதொரு மலை ராஜ்யத்தை ஒரு பருவகாலத்திற்குள் அடக்கிவிடலாம் என்று எண்ணியதில் வியப்பில்லை.

மேஜர் ஜெனரல் மக்டொவல் தலைமையில் கொழும்பிலிருந்து ஒரு படையும், கேணல் பார்புட் தலைமையில் திருகோணமலையிலிருந்து மற்றொரு படையும் புறப்பட்டன. 51ஆம் ரெஜிமெண்டும் 19ஆம் ரெஜிமெண்டும், வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பீரங்கிப் படையினரும், மலாய்ச் சிப்பாய்களும் அவற்றில் அடக்கம். அவர்களுக்குப் பின்னால் அரிசி மூட்டையையும் வெடிமருந்துப் பெட்டியையும் தோளிலும் தலையிலும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் ஏறிய சுமைகாரர்களின் வரிசை வந்தது. பெப்ரவரி பிற்பகுதியில் அவர்கள் கண்டிக்குள் பிரவேசித்தபோது எதிர்த்து நிற்க அங்கே ஆளில்லை. வீதிகள் வெறிச்சோடியிருந்தன, அரண்மனையின் ஒரு பகுதி எரிந்துகொண்டிருந்தது, அரசர் ஹங்குரன்கெத்தைப் பக்கம் போய்விட்டார்.

ஆளில்லாத நகரத்தைப் பிடித்தவர்கள் தாம் ஜெயித்துவிட்டதாகவே கருதினார்கள். அரச வம்சத்தைச் சேர்ந்த முத்துசாமி என்பவரை மார்ச் மாதத்தில் அரசராக முடிசூட்டினார்கள். அவரை ஏற்றுக்கொள்ளக் குடிமக்களில் எவரும் வரவில்லை. பழைய சரித்திரத்தை ஆங்கிலேயர் சற்றே புரட்டிப் பார்த்திருந்தால் கண்டிக்குள் நுழைவது ஒருபோதும் கடினமாயிருந்ததில்லை, அங்கே தங்கியிருப்பதும் திரும்பிப் போவதுமே கடினம் என்பது விளங்கியிருக்கும். போர்த்துக்கேயர் 1594இல் தந்துரையிலும், 1630இல் ரந்தெனிவெலவிலும், 1638இல் இன்றைய பேராதனைப் பூங்காவுக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள கன்னொறுவையிலும் முழுச் சேனைகளையே இழந்தார்கள். ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் 1765இல் கண்டியைப் பிடித்தார். பிடித்த சில வாரங்களில் நோய்ப்பட்டுக் கொழும்பு திரும்பி மாண்டார். அவர் விட்டு வந்த காவற்படை பட்டினியாலும் காய்ச்சலாலும் மெலிந்து, அவ்வாண்டிலேயே நகரத்தைக் கைவிட்டு இறங்கியது.

அதே காய்ச்சல் இப்போது ஆங்கிலேயரைத் தேடி வந்தது.

அக்காலத்துக் கண்டியை நாம் மனக்கண்ணால் பார்க்க வேண்டும். தலதா மாளிகைக்கு முன்னே இன்று நாம் காண்கின்ற வாவி அன்றில்லை; ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அதைக் கட்டுவித்தது அந்த யுத்தத்திற்குப் பின்னரே. அவ்விடம் முழுவதும் தண்ணீர் தேங்கிய வயலும் சேறுமாக இருந்தது. நகரத்தை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகின்ற மகாவலி கங்கை, மழை குறைந்த பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வற்றி, பாறை இடுக்குகளிலும் மணற்குழிகளிலும் தெளிந்த நீரைச் சிறு சிறு குட்டைகளாக விட்டுச் செல்லும். அந்நியச் சிப்பாய்கள் இறங்கியது இந்தப் பள்ளத்தாக்கில், இந்தப் பருவத்தில்.

முதலில் ஓரிருவருக்குக் குளிர் கண்டது. வெயிலில் நிற்கும்போதே பற்கள் கிட்டி உடம்பு நடுங்கும். கம்பளிகளைப் போர்த்தினாலும் அடங்காது. ஒரு மணி நேரத்திற்குப் பிறகு தேகம் நெருப்பாய்க் கொதிக்கும், தலை பிளக்கும், வாய் பிதற்றும். பின்னர் உடுத்த துணி நனையும்படி வியர்த்து விட்டுவிடும். பிழைத்தோம் என்று நோயாளி எழுந்து உட்கார்ந்தால், ஒருநாள் விட்டு மறுபடியும் அதே குளிர். சிலருக்கு விடாமல் எரித்து, மூளையைத் தாக்கி, மூன்று நான்கு நாட்களில் உயிரைக் கொண்டுபோயிற்று. வைத்தியர்கள் அந்நாளைய முறைப்படி இரத்தத்தை வடித்தார்கள், பாதரச மருந்தைக் கொடுத்தார்கள், சிங்கோனா மரப்பட்டையைப் பொடித்துக் கரைத்துப் புகட்டினார்கள். இவற்றுள் பட்டையொன்றே பயனுள்ளது. முதலிரண்டும் நோயாளியின் எஞ்சிய பலத்தையும் பறித்தன என்று இன்று நாம் தயங்காமல் சொல்லலாம்.

ஏப்பிரல் தொடக்கத்தில் மக்டொவல், 19ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த சுமார் 300 பேரையும் சுமார் 700 மலாயரையும் காவலுக்கு விட்டுக் கொழும்பு திரும்பினார். திரும்பியவர்களையும் நோய் விடவில்லை. ஆரோக்கியமாக நடந்து வந்த 51ஆம் ரெஜிமெண்டுக்காரர்கள் கொழும்பிலே படுத்து, சில மாதங்களுக்குள் பெருந்தொகையாக மாண்டார்கள். காட்டு நச்சுக்காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று நம்பியிருந்த வைத்தியர்களுக்கு, காட்டை விட்டு வந்த பிறகும் ஏன் காய்கிறது என்பது பெரும் புதிராயிற்று. பார்புட் மே மாதத்தில் காய்ச்சலினால் காலமானார். மக்டொவல் மறுபடி கண்டிக்கு வந்து, தாமும் காய்ச்சலோடு ஜூன் மாதத்தில் வெளியேறினார். தலைமை, மலாய் ரெஜிமெண்டைச் சேர்ந்த மேஜர் டேவி என்பவரின் தலையில் விழுந்தது.

ஜூன் 24ஆம் தேதி கண்டியர் தாக்கினார்கள். அன்று மாலை டேவி சரணடைந்து, திருகோணமலைக்குப் போக அனுமதி பெற்று வெளியேறினார். அவருடன் நடந்து செல்ல இயன்ற ஐரோப்பியச் சிப்பாய்கள் சுமார் 20 பேரே. நூற்றுக்கு மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் எழுந்திருக்கவும் சக்தியற்றுக் கிடந்தார்கள். அவர்கள் படுக்கையிலேயே கொல்லப்பட்டார்கள். ஆக்கிரமிக்க வந்த சேனைதான். ஆனாலும் காய்ச்சலில் கிடந்தவனைக் கொன்றது தர்மமாகாது என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

வெளியேறியவர்கள் வத்தப்புளுவையில் மகாவலிக்கரை வரை வந்தார்கள். அதற்குள் தென்மேற்குப் பருவமழை இறங்கி ஆறு கரைபுரண்டது, கடக்கத் தோணியில்லை. முத்துசாமியை ஒப்படைத்தால் வழி விடுவோம் என்றார்கள் கண்டியர், ஒப்படைக்கப்பட்ட அவர் கொல்லப்பட்டார், வழியோ கிடைக்கவில்லை. ஜூன் 26இல் சிப்பாய்கள் ஆயுதம் களைந்தவர்களாய் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டுண்டார்கள். கழுத்துத் தசை அறுந்து வீழ்ந்த பார்ன்ஸ்லி என்ற கோப்ரல் ஒருவர், இறந்தவர் போலக் கிடந்து, இரவிலே ஆற்றைக் கடந்து, நிமிராத தலையைக் கையினால் தாங்கிப் பிடித்தபடியே மாத்தளைப் பக்கத்துக் கோட்டையை அடைந்து செய்தி சொன்னார். அந்தக் கோட்டையிலும் பாதிப்பேர் நோயாளிகள். அவர்களைக் கைவிட்டுத்தான் மற்றவர்கள் திருகோணமலைக்குத் தப்பினார்கள். டேவி பல ஆண்டுகள் கண்டியிலே சிறையிருந்து அங்கேயே மாண்டார். அவரைக் கோழையென்று எழுதியவர்கள் பலர். 300 பேரில் 20 பேரே எழுந்து நிற்கக்கூடிய ஒரு சேனையை வைத்துக்கொண்டு எந்த வீரன் என்ன செய்திருப்பான் என்று அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்களோ!

அந்த நோய் எது? இன்றைய வைத்திய அறிவைக் கொண்டு நோக்குமிடத்து அது பெரும்பாலும் மலேரியாவே. பிரெஞ்சு வைத்தியர் லாவெரான் 1880இல் அல்ஜீரியாவிலே மலேரியாக் கிருமியை நோயாளியின் இரத்தத்தில் கண்டார். ரொனால்ட் ரோஸ் 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் அதை நுளம்பின் வயிற்றில் கண்டார். கிருமியைத் தாங்கிய நுளம்பு கடித்த பின் பத்துப் பதினைந்து நாட்கள், சில வேளை மாதங்கள் கழித்தே காய்ச்சல் வெளிப்படுமாதலால், கண்டியில் நன்றாயிருந்தவர் கொழும்பில் படுத்த புதிர் அவிழ்கிறது. இலங்கையில் அதைப் பரப்பும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற நுளம்பு, அழுக்குச் சாக்கடையை விரும்பாது. வெயில் படுகின்ற தெளிந்த குட்டையையே நாடி முட்டையிடும். வற்றிய மகாவலியின் பாறைக்குழிகள் அதற்குப் பிரசவ அறைகளாயின.

மலேரியா மாத்திரமன்று. கால் வீங்கி, உணர்விழந்து, மூச்சு முட்டி மனிதரைச் சாய்க்கும் பெரிபெரியும் அக்காலத்து இலங்கைப் படைகளிலே பரவியிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்குத் தலைவராயிருந்த வைத்தியர் தோமஸ் கிறிஸ்டி, சத்தற்ற ஆகாரமே இதற்குக் காரணமாகலாம் என்று 1804ஆம் ஆண்டளவிலேயே ஐயுற்றார். தீட்டிய அரிசியை மாத்திரம் உண்பதால் இது வருகிறதென்பது, அந்நூற்றாண்டின் இறுதியில் பத்தேவியாவில் எய்க்மன் கோழிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியின் பின்னரே துலங்கியது. மழையால் பாதை அடைபட்டு, புழுத்த அரிசியையே தின்று கிடந்த கண்டிக் காவற்படைக்கு இரு நோய்களும் ஒருங்கே வந்தன என்று கொள்வது பொருந்தும்.

கண்டியைக் காத்தது காய்ச்சலே என்று பெருமையோடு பேசுவோர் நம்மிடையே உண்டு. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. சிறுவயது முதல் அக்காய்ச்சலில் அடிபட்டுத் தப்பியவர்களின் சரீரம் அதை ஓரளவு தாங்கும் என்பதே கண்டியருக்கு இருந்த அநுகூலம். அந்த அநுகூலத்துக்கு விலையாக எத்தனை குழந்தைகள் மாண்டிருக்கும்! அந்த யுத்தத்தில் மூட்டை சுமந்து வந்து வழியிலே காய்ச்சலில் விழுந்த சுமைகாரர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. கோப்பித் தோட்டங்கள் தோன்றிய பிறகு, மன்னாரில் இறங்கி, காடுகளினூடே மாத்தளை வழியாகக் கால்நடையாய் வந்த நம் தமிழ் மக்களிலும் எண்ணற்றோர் அந்த வடக்குப் பாதையிலே காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மடிந்தார்கள். காய்ச்சல் எந்த அரசனுக்கும் துணையாக வந்ததில்லை.

அதை ஐயமறக் காட்டிற்று 1934ஆம் ஆண்டு. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது, மகாவலியும் மாஓயாவும் தெதுருஓயாவும் குட்டைகளாயின, நுளம்பு பெருகியது. அவ்வாண்டு இறுதியில் தொடங்கி 1935இன் முற்பாதி வரை நீடித்த மலேரியாக் கொள்ளைநோயில், ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோரே வாழ்ந்த இத்தீவில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். மிகுதியாக வாடியது கேகாலைப் பகுதி. கண்டி மாவட்டமும் தப்பவில்லை. மண்ணீரல் வீங்கி வயிறு பருத்த பிள்ளைகள் கிராமங்கள்தோறும் குடிசைத் திண்ணைகளில் படுத்துக் கிடந்தார்கள். என். எம். பெரேரா, எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலானோர் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குச் சென்று உழைத்த உழைப்பு, அவர்களுடைய அரசியலை ஏற்காதவர்களும் மதித்துப் போற்றியதொன்று.

பிறகு 1946இல் டீ.டீ.ரீ. மருந்தடிப்பு ஆரம்பமாகி, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே என்னும் அளவுக்கு மலேரியா அருகியது. ஒழிந்துவிட்டதென்று நம்பிக் கண்காணிப்பைத் தளர்த்த, ஐந்தாண்டுக்குள் இலட்சக்கணக்கானோரைப் பற்றிக்கொண்டு அது திரும்பி வந்தது. மீண்டும் நெடுங்காலம் பாடுபட்டு, உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளியை 2012 ஒக்டோபரில் கண்ட பின், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. வீடுவீடாக நடந்து இரத்தத் துளி எடுத்த சாதாரண ஊழியர்களின் பராக்கிரமம் எந்த மாவீரர் கூட்டத்தின் பராக்கிரமத்துக்கும் குறைந்ததன்று.

அந்நோயைப் பரப்பும் நுளம்பு இன்றும் நம் நாட்டில் இருக்கிறது. நகரத்துத் தண்ணீர்த் தொட்டிகளிலேயே வளரவல்ல அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்ற புது இனமும் மன்னாரில் காணப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்த ஒருவருடைய உடலில் கிருமி வந்து சேர்ந்தால் மற்றதை நுளம்பு பார்த்துக்கொள்ளும். ஆகையால், தலயாத்திரையாகவோ தொழிலுக்காகவோ அந்நாடுகளுக்குச் செல்லும் அன்பர்கள் புறப்படுமுன் மலேரியாத் தடுப்பு இயக்கத்தாரிடம் மருந்து கேட்டுப் பெறுங்கள். திரும்பி வந்த ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே போய்வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லி, இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.