வழியும் வகையும்: ஆங்கில மரபுத்தொடர்கள் சில

மொழிபெயர்ப்பிலே மாணாக்கர் பெரிதும் இடர்ப்படுவது அருஞ்சொற்களால் அன்று. எளிய சொற்கள் கூடிநின்று வேறு பொருள் தருமிடத்தேயாம். கருமமாற்றும் வழியையும் கருவியையும் குறிக்கும் ஆங்கிலத் தொடர்கள் இதற்குத் தக்க சான்று.

‘மீன்ஸ்’ என்னும் சொல் உபாயம் எனப் பொருள்படும். ஆயின், ‘உள்ளே வரலாமா?’ என்று வினவியவர்க்கு ‘பை ஓல் மீன்ஸ்’ என விடை கூறப்படின், அதனை ‘எல்லா வழிகளாலும்’ எனப் பெயர்த்தல் நகைப்பிற்கிடமாகும். ‘தாராளமாக வருக’ என்பதே கருத்து. இதன் எதிர்மறையாகிய ‘பை நோ மீன்ஸ்’ என்பதற்கோ, நம் உரையாசிரியர் வழங்கிய ‘ஒருவாற்றானும்’ என்னும் சொல் அழகாகப் பொருந்தும். ஆறு என்பது வழி. இவ்வாறு, எவ்வாறு என நாம் நாள்தோறும் கூறுமிடத்தும் வழியின் பெயரே செயலின் முறையை உணர்த்துகின்றது. அச்சொல் செல்வத்தையும் குறிக்கும். தமிழிலும் ‘உண்ண வழியில்லை’ என்னும்போது வழி என்பது பொருள்வருவாயே அன்றோ?

‘வேய்ஸ் அன்ட் மீன்ஸ்’ என்னும் இணைமொழிக்கு அரசியல் வரலாறு ஒன்று உண்டு. அரசுக்கு வேண்டிய பணத்தை வரி முதலியவற்றால் ஈட்டும் வகையை ஆராய, பிரித்தானியப் பொதுமக்கள் சபையிலே 17ஆம் நூற்றாண்டு தொட்டு இப்பெயர்கொண்ட குழு இயங்கியது. 1967இல் குழு ஒழிந்தது. தலைவர் என்னும் பதவிப்பெயர் மாத்திரம் ஒழியவில்லை. இன்றும் அப்பெயருடையவரே, வரவுசெலவுத் திட்ட உரை நிகழுங்கால், சபாநாயகர்க்குப் பதிலாகத் தலைமை வகிப்பர்.

‘பை ஹூக் ஓர் பை குறூக்’ என்பதே இவற்றுள் மிகுதியும் பிழைபட வழங்குவது. அயர்லாந்தின் வாற்றபோட் நகரைக் கைப்பற்ற 1649இல் முயன்ற கிறொம்வெல், அருகிலுள்ள ஹூக், குறூக் என்னும் இரு இடங்களுள் ஒன்றன் வழியாகப் புகுவேன் எனச் சூளுரைத்ததனாற் பிறந்தது இத்தொடர் என்பர். கதை சுவையுடையது, ஆயினும் ஆண்டு அதனைப் பொய்யாக்குகின்றது. விக்கிளிவ் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டின் எழுத்துக்களிலேயே இத்தொடர் காணப்படுகின்றது. பிரபுவின் காட்டிற் கொக்கத்தடிக்கும் மேய்ப்பன் வளைகோலுக்கும் எட்டிய அளவிற்கு விறகு எடுத்துக்கொள்ளக் குடிகளுக்கிருந்த உரிமையே இதன் மூலம் என்னும் விளக்கம், முடிந்த முடிபன்றாயினும், காலத்தோடு முரணவில்லை. திருடனைக் ‘குறூக்’ என்றல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் எழுந்த வழக்கு; அதனை இங்கே கொணர்ந்து பொருத்துதல் ஆகாது.

எனினும், இக்கால வழக்கில் இத்தொடர் நேர்வழியாயினும் அல்வழியாயினும் எண்ணியதை முடித்தலையே குறிக்கும். ‘எப்பாடுபட்டேனும்’ என்னும் தமிழ்த்தொடர் முயற்சியைப் போற்றுவது. ஆங்கிலத் தொடரோ வழியின் தூய்மையைப் பொருட்படுத்தாமையைச் சுட்டுவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு, ஏற்ற கருமத்தை ‘பை ஹூக் ஓர் பை குறூக்’ முடிக்க வல்லவன் எனத் தம் மாணாக்கனுக்கு நற்சான்றுப் பத்திரம் எழுதும் ஆசிரியர், அவனைப் புகழவில்லை. உத்தியோகம் கொடுக்க இருப்பவர் அவ்வரியைக் கண்டு இருமுறை சிந்திப்பர்.

‘றூல் ஒவ் தம்’ என்பதற்கும் இத்தகைய கட்டுக்கதை உண்டு. பெருவிரலினும் தடிக்காத கோலால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கில நீதிபதி புல்லர் கூறினார் எனப் பரவிய செய்தியை வைத்து, கில்றே என்னும் ஓவியர் 1782இல் அவரை எள்ளிப் படம் வரைந்தார். தொடரோ அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே வழக்கிலிருந்தது. நூற்கணக்கை நாடாது பழக்கத்தால் அளவிடுதலே அதன் பொருள். உலைநீரை விரற்கணுவால் அளந்து சோறாக்கும் இல்லத்தில் வளர்ந்த மாணாக்கனுக்கு இக்கருத்துப் புதியதன்று. அவனுக்குப் ‘பெருவிரல் விதி’ என்று கூறினால் விளங்காது. ‘கைம்மதிப்பு’ என்றால் உடனே விளங்கும்.