உங்களுக்குத் தெரியுமா? கணினியே வைஃபை ஆன கதை

● 2005-இல் நின்டெண்டோ நிறுவனம் பென் டிரைவ் போன்ற ஒரு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியின் யுஎஸ்பி துளையில் அதைச் செருகி, கூடவே வரும் சாஃப்ட்வேரை நிறுவிவிட்டால், வீட்டில் வைஃபை ரவுட்டர் இல்லாமலே கணினியின் இன்டர்நெட் நின்டெண்டோ டிஎஸ் விளையாட்டுக் கருவிக்குக் கிடைத்துவிடும். ஒரே நேரத்தில் 5 டிஎஸ் வரை இணைய முடிந்தது.

● அக்கம்பக்கத்தார் ஓசியில் ஒட்டிக்கொள்ள வழியிருக்கவில்லை. புதிய டிஎஸ் ஒன்று இணைய முயன்றால் அதன் பெயர் கணினித் திரையில் தெரியும். கணினிக்காரர் அனுமதித்தால்தான் இணைப்பு.

● அதே 2005-இல் வெளியான எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்குள் வைஃபை கிடையாது. வைஃபை அடாப்டரைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. அந்தச் செலவைத் தவிர்க்க நினைத்தவர்கள், வைஃபை உள்ள லேப்டாப்பிலிருந்து லேன் கேபிள் இழுத்துச் சமாளித்தார்கள். 2010-இல் வந்த புதிய மாடலில்தான் வைஃபை உள்ளேயே அமைந்தது.

● இன்றைய விண்டோஸில் தனிக் கருவி தேவையில்லை. செட்டிங்ஸில் ‘மொபைல் ஹாட்ஸ்பாட்’டை ஆன் செய்தால் 8 கருவிகள் வரை இணையும்.

● இப்படிக் கணினி வழியாக இணைவதில் ஒரு சிக்கல்: ரவுட்டர், கணினி என இரண்டும் இணைய (ஐபி) முகவரியை மாற்றி அனுப்புவதால், ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும்போது குரல் அரட்டை தடுமாறலாம்.