அணை நீர் கோயில் குளம் அல்ல

கோடை விடுமுறை வந்தால் தில்லி வாழ் தமிழர்களாகிய நாம் ஊருக்கு ரயிலேறுவோம். இல்லையேல் இமாசலத்துக்குப் புறப்படுவோம். அப்படிச் சென்றபோது பிலாஸ்பூரில், கோவிந்த் சாகர் ஏரிக்கரையில், "தால்கட்டோரா குளத்தில் அரை மணி நேரம் நீந்துகிறேனே, இங்கே இறங்கக் கூடாதா தாத்தா?" என்று சட்டையைக் கழற்றிவிட்டான் என் பேரன். அவனுக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன்.

226 மீட்டர் உயர பக்ரா அணை சட்லெஜ் நதியைத் தேக்கியதால் உண்டானது இந்த ஏரி. பழைய பிலாஸ்பூர் நகரமே இதில் மூழ்கியது. கோடையில் நீர் இறங்கினால் பழைய கோயில்கள் வெளியே தெரியும். இங்கே படித்துறை கிடையாது, மலைச்சரிவுதான் கரை. இரண்டடி வைத்தால் இடுப்பளவு, மூன்றாவது அடியில் பள்ளம். இடிந்த சுவரும் சேறும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. மேல்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் அடிநீர் சில்லென்றிருக்கும். திடீர்க் குளிரில் நன்றாக நீந்துபவருக்கும் மூச்சுத் திணறும்.

அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவது இன்னும் ஆபத்து. 8-6-2014 அன்று மண்டி மாவட்டத்தில், லார்ஜி அணையிலிருந்து திறந்த நீர் பியாஸ் நதியில் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. வெயில் காய்ந்த பாறை சில நிமிடங்களில் மூழ்கிவிடும்.

படகு விஷயம் வேறு. 30-9-2009 அன்று தேக்கடியில், பெரியாறு நீர்த்தேக்கத்தில், இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் சொல்லப்பட்டது. மேல்தட்டில் கூட்டம் ஏறினால் பாரத்தின் மையம் உயரும். அது பக்கவாட்டில் நகர்ந்தால் படகு நிமிராது. ரயில் பெட்டியில் எல்லோரும் ஒரு ஜன்னலுக்கு ஓடினாலும் தண்டவாளம் தாங்கும், தண்ணீர் தாங்காது.

ஆகவே நினைவில் வையுங்கள்:

1. ஏறுமுன் எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து, வார்களை இறுக்கிக் கட்டுங்கள். குழந்தைக்குக் குழந்தை அளவே வேண்டும்.

2. அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.

3. யாரேனும் மூழ்கினால் நீங்கள் குதிக்காதீர்கள். கயிறு, துப்பட்டா, மூடிய காலி கேன் எதையாவது எறியுங்கள், 112-ஐ அழையுங்கள்.

4. கரையேற்றியவரின் வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையெனில் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்துங்கள். இதை முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

பேரன் முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கெட் அணிந்து படகில் ஏறினான். முணுமுணுத்தால் பரவாயில்லை, பத்திரமாக வீடு திரும்பினோம்.