கோடு நேராக இருந்தும் வெட்டு பல்லிளிப்பது ஏன்? பட்டறையிலேயே செய்யும் மோட்டார் டிராக்கின் கணக்கு

12 மி.மீ. எம்.எஸ். பிளேட். ஒரு மீட்டர் நீளத்துக்கு நேராக வெட்ட வேண்டும். சாக்பீஸில் கோடு போட்டாச்சு, கேஸ் கட்டிங் டார்ச்சும் ரெடி. வெட்டி முடிக்க ரெண்டு, மூணு நிமிஷம்தான். ஆனால் ஓரம் பல் பல்லாக நிற்கும். அதை வெல்டிங்குக்குத் தயார் செய்ய கிரைண்டரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும். துவாக்குடியிலோ அம்பத்தூரிலோ கூலிக்கு வேலை எடுக்கும் சின்ன பட்டறையின் லாபத்தைத் தின்பது அந்த அரை மணி நேரம்தான்.

பெரிய ஃபேப்ரிகேஷன் ஷாப்களில் இதற்கு ‘பக் கட்டிங் மெஷின்’ இருக்கும். தண்டவாளம் மாதிரி ஒரு டிராக், அதன் மேல் டார்ச்சைச் சுமந்துகொண்டு நிதானமாக ஊர்ந்து போகும் குட்டி மோட்டார் வண்டி. அவ்வளவுதான் விஷயம். ‘இதை நாமே செய்துவிடலாமே’ என்று தோன்றுவது இயல்பு. செய்யலாம். ஆனால் செய்கிறவர்கள் பெரும்பாலும் நேர்கோட்டைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். நேர்கோடு சுலபம், ஒரு ஆங்கிளை கிளாம்ப் போட்டு அதை ஒட்டி டார்ச்சை நகர்த்தினாலே கிடைத்துவிடும். கைக்கு வராதது ஒரே சீரான வேகம்.

இரும்பு உருகவில்லை, எரிகிறது

கேஸ் கட்டிங்கில் தீச்சுவாலைதான் இரும்பை உருக்கி வெட்டுகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் சுவாலையின் வேலை, இரும்பைச் சுமார் 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவது மட்டுமே. அதன்பிறகு லீவரை அழுத்தியதும் பாயும் சுத்தமான ஆக்சிஜனில் இரும்பே எரிகிறது. அப்போது உண்டாகும் இரும்பு ஆக்சைடு, இரும்பைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகிக் கசடாகக் கீழே ஒழுகிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இந்த முறைக்கு மசியாததற்கும் காரணம் இதுதான். அதன் மேல் உருவாகும் குரோமியம் ஆக்சைடு 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஆக்சிஜனை வழிமறித்து நின்றுவிடும்.

எரிதல் என்பதால் அதற்கென ஒரு வேகம் உண்டு. டார்ச் மெதுவாகப் போனால் மேல் விளிம்பு உருகி வழியும், அடியில் கசடு ஒட்டிக்கொள்ளும். வேகமாகப் போனால் எரிதல் பிளேட்டின் அடிவரை எட்டாது, வெட்டு பாதியில் அறுந்துபோகும். 12 மி.மீ. பிளேட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 முதல் 500 மி.மீ. வேகம் சரிப்படும். அதாவது நொடிக்கு 8 மி.மீ. அளவில். எவ்வளவு பழகிய கையானாலும், ஒரு மீட்டர் முழுக்க இதை மாறாமல் பிடிப்பது கஷ்டம். மூச்சு விடும்போதும் காலை மாற்றி வைக்கும்போதும் ஒரு பல் விழுந்துவிடும்.

வைப்பர் மோட்டார் ஏன் சொதப்புகிறது?

பழைய கார் வைப்பர் மோட்டார்தான் பலரின் முதல் தேர்வு. விலை குறைவு, இழுவை அதிகம். ஆனால் கணக்கு இடிக்கும். அது மெதுவான நிலையிலேயே நிமிடத்துக்குச் சுமார் 40 முதல் 45 சுற்று சுற்றும். 50 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 157 மி.மீ. 45 சுற்று என்றால் நிமிடத்துக்கு 7 மீட்டர்! நமக்கு வேண்டியதோ அரை மீட்டருக்கும் குறைவு. ஸ்பீடு கன்ட்ரோலரைத் திருகி அவ்வளவு கீழே கொண்டுவந்தால் மோட்டார் திக்கித் திக்கித்தான் ஓடும். கை நடுக்கத்துக்குப் பதில் மோட்டார் நடுக்கம்.

இதற்குப் பதிலாக 10 ஆர்.பி.எம். கியர் மோட்டாரும் 40 மி.மீ. சக்கரமும் போட்டால் உச்ச வேகமே நிமிடத்துக்கு 1,250 மி.மீ. பக்கத்தில்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு வேகம் போதும். 3டி பிரிண்டரில் வரும் 8 மி.மீ. லீடு ஸ்க்ரூ இருந்தால், 60 சுற்றுக்கு 480 மி.மீ. என்று கணக்கு கச்சிதமாக வரும். ஸ்டெப்பர் மோட்டார் என்றால் இன்னும் நல்லது. சுமை கூடினாலும் அதன் வேகம் சட்டென்று குறையாது.

டிராக்குக்கு விலை உயர்ந்த ரெயில் எதுவும் தேவையில்லை. ஸ்லைடிங் கேட்டுக்குப் போடும் வி-பள்ளம் உள்ள சக்கரமும், முதுகு மேலே பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்த ஆங்கிளும் போதும். ஆங்கிளை வாங்கும்போதே ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்து வாங்குவது நல்லது. வெட்டும் இடத்துக்கு ரொம்ப ஒட்டி வைத்தால் சூட்டில் அதுவே வளைந்துவிடும்.

மோட்டார், டிராக் எல்லாம் சரியாக இருந்தும் வண்டி தடுமாறினால் முதல் சந்தேகம் ஹோஸ் மேல்தான் போக வேண்டும். தரையில் இழுபடும் ரெண்டு ரப்பர் ஹோஸ்களின் எடை, வண்டி முன்னே போகப் போகக் கூடிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு கம்பியில் தொங்கவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

வாழைப்பழம் போல வளையும் பட்டை

இன்னொரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. டிராக் அச்சு அசலாக நேராக இருந்தும், வெட்டிய பட்டை வாழைப்பழம் மாதிரி வளைந்து வரும். தப்பு டிராக்கில் இல்லை. குறுகலான பட்டையின் ஒரு பக்கம் மட்டும் சூடாகி, ஆறும்போது சுருங்குவதுதான் காரணம். பெரிய ஷாப்களில் ரெண்டு டார்ச்சுகளை வைத்து, பட்டையின் இரு ஓரங்களையும் ஒரே நேரத்தில் வெட்டுவார்கள். ஒரே டார்ச் இருப்பவர்கள் இடையிடையே சில சென்டிமீட்டரை வெட்டாமல் விட்டு, எல்லாம் ஆறியபிறகு அந்தத் துண்டுகளை அறுக்கலாம்.

கிரீஸ்... ஜாக்கிரதை

வண்டி வழுக்கி ஓடட்டும் என்று சக்கரத்திலும் ஸ்க்ரூவிலும் கிரீஸ் பூசத்தான் கை போகும். அதே கையால் ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது. அழுத்தத்தில் உள்ள ஆக்சிஜனோடு எண்ணெய்ப் பசை சேர்ந்தால், தீப்பொறி இல்லாமலேயே பற்றிக்கொள்ளும். பேரிங்குகளை உலர்வாகவே விட்டுவிடலாம். இந்த வேகத்துக்கு அவை தேயப்போவதில்லை.

சாதாரண கை டார்ச்சை வண்டியில் மாட்டுபவர்கள் ஆக்சிஜன் லீவரைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவதும் உண்டு. வண்டி சிக்கி நின்றால் கம்பியை அவிழ்க்க நேரம் இருக்காது. ஒரே தட்டில் விடுபடும் பிடிப்பு வேண்டும். மோட்டார் ஸ்விட்சும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாமல் தொடங்கவே கூடாது. சிமென்ட் தரையை ஒட்டி வைத்து வெட்டினால் சூட்டில் தரை வெடித்துத் தெறிக்கும்.

பிளாஸ்மா கட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த வண்டி அப்படியே பொருந்தாது. மெல்லிய தகட்டில் பிளாஸ்மாவுக்கு நிமிடத்துக்கு மீட்டர் கணக்கில் வேகம் தேவை. ஹை ஃப்ரீக்வென்சியில் ஆர்க் தொடங்கும் மாடலாக இருந்தால், பக்கத்தில் உள்ள கன்ட்ரோல் போர்டையும் அது குழப்பிவிடும்.

வண்டி தயாரானதும் முதலில் வேஸ்ட் துண்டில் வெட்டிப் பார்க்க வேண்டும். நுனி செக்கச் சிவந்ததும் ஆக்சிஜனைத் திறந்து, உடனே மோட்டாரை ஓடவிட வேண்டும். வெட்டிய முகத்தில் மெல்லிய வரிகள் தெரியும். அவை கிட்டத்தட்ட செங்குத்தாக இருந்தால் வேகம் சரி. பின்பக்கமாகச் சாய்ந்து வளைந்திருந்தால் குறைக்க வேண்டும். 6, 10, 12 மி.மீ. பிளேட்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து, கன்ட்ரோலர் குமிழ் எங்கே நிற்கிறதோ அங்கே பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டால், அடுத்த முறை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்.