கையெழுத்தை எண்ணுவதா, வேலையை எண்ணுவதா?

கிண்டியில் செல்போன் திருடி முதல் முறையாகப் பிடிபட்ட 19 வயதுப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு சைதாப்பேட்டை நீதிமன்றத்துக்குப் போகும். ஜாமீனில் வந்தால், 'கண்டிஷன் கையெழுத்து' போட தினமும் ஸ்டேஷனுக்கு நடப்பான். குற்றம் நிரூபணமானால் ஜெயில்தான் என்று அவன் அம்மா முடிவே கட்டியிருப்பார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-ல் வந்தது. அதன் 6-வது பிரிவின்படி, ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாவிட்டால், 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று மாஜிஸ்திரேட் நினைத்தால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையையும் கேட்டு வாங்க வேண்டும். அலுவலர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார்: யார் சம்பாதிக்கிறார், பையன் படிப்பை எப்போது விட்டான், யாரோடு சுற்றுகிறான், அக்கம்பக்கம் என்ன சொல்கிறது. அறிக்கை ரகசியமானது. அதைப் பார்த்துவிட்டு 4-வது பிரிவின் கீழ் அதிகபட்சம் 3 ஆண்டுக்கு நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கிக்கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பலாம். அலுவலரின் கண்காணிப்பிலும் வைக்கலாம். வைத்தால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது.

இதில் ஒரு பொறி உண்டு. வயதைக் கணக்கிடுவது குற்றம் நடந்த நாளில் அல்ல, விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளில். ராம்ஜி மிஸ்ஸர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. வாய்தா வாய்தாவாக வழக்கு இரண்டரை வருடம் இழுத்தால் 19 வயதுப் பையனுக்கு 21 தாண்டிவிடும். 6-வது பிரிவின் காப்பும் போய்விடும். அதன் பிறகும் 4-வது பிரிவு மிச்சம் இருக்கும்.

இன்னொரு குழப்பம் சென்னைக்கே உரியது. 'நன்னடத்தை' என்றதும் இங்கே பலருக்கும் நினைவுக்கு வருவது போலீஸ் வாங்கும் பிணைப் பத்திரம்தான். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 110-வது பிரிவில் ரவுடிப் பட்டியலில் இருப்பவர்களைத் துணை ஆணையர் முன் நிறுத்தி எழுதி வாங்குவார்கள். மீறினால் உள்ளே தள்ளுவார்கள். துணை ஆணையர்களுக்கு அந்த நிர்வாக நடுவர் அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகளை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பத்திரம், இனி தப்பு செய்வான் என்ற சந்தேகத்தில் வாங்குவது. நாம் பேசுவது, செய்த தப்புக்கு நீதிமன்றம் கொடுக்கும் வாய்ப்பு. பெயர் ஒன்றாக இருப்பதால் நல்லது கெட்டதோடு சேர்ந்து பேர் கெட்டுக் கிடக்கிறது.

சென்னை மாகாணம் இதில் முன்னோடி. நாடு முழுமைக்குமான சட்டம் வருவதற்கு 20 ஆண்டுக்கு மேல் முன்பே 1936-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இங்கே இருந்தது. தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலர்கள் சிறைத்துறையின் கீழ் வருகிறார்கள். கேரளத்தில் இது சமூகநீதித் துறையின் வேலை, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் பிறந்த நவம்பர் 15-ஐ அங்கே நன்னடத்தை நாளாகவே கொண்டாடுகிறார்கள். சிறைக்கு அனுப்பாமல் காப்பாற்றும் வேலை சிறைத்துறையிடமே இருப்பது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும்.

சரி, இந்த ஏற்பாடு பலிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? எளிதாக எண்ணக்கூடியது வருகைப் பதிவு. மாதாமாதம் வந்தானா, கையெழுத்துப் போட்டானா. நிபந்தனையை மீறினால் நீதிமன்றம் பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். முதல் முறை என்றால் 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடலாம். 1958-ல் எழுதிய அதே 50 ரூபாய்.

ஆனால் 14-வது பிரிவைப் படித்தால் அலுவலரின் கடமை கையெழுத்தோடு முடியவில்லை. கண்காணிக்க வேண்டும், நஷ்டஈடு கட்ட வழி சொல்லி உதவ வேண்டும், தேவைப்பட்டால் பொருத்தமான வேலை தேடித்தரவும் முயல வேண்டும். அந்தக் கடைசி வரிக்குக் கிண்டியைவிடத் தோதான இடம் சென்னையில் ஏது? இங்குள்ள தொழிற்பேட்டையும் 1958-ல் தொடங்கியதுதான். ஆலந்தூர் சாலையில் வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது, அரசு ஐடிஐ இருக்கிறது. சைதாப்பேட்டை நீதிமன்றத்திலிருந்து ஷேர் ஆட்டோ தூரம். பிணையில் வெளிவந்தவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-வது பிரிவும் சொல்கிறது. பட்டறை வாசலில் "போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கா தம்பி?" என்று கேட்கும்போது அந்தப் பிரிவை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆள் நன்னடத்தை அலுவலர்தான்.

இங்கிலாந்தில் நன்னடத்தைப் பணியை மேற்பார்வையிட 1936-லிருந்தே தனி ஆய்வு அமைப்பு உண்டு. ஒவ்வொரு வட்டார அலுவலகத்தையும் அது ஆய்வு செய்து மதிப்பெண் போட்டு வெளியிடுகிறது. கண்காணிப்பில் வந்தவர்களில் ஓராண்டுக்குள் மறுபடி குற்றம் செய்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும் பொதுவில் வருகிறது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்றில்லை. 2014-ல் வேலையின் பெரும்பகுதியைத் தனியாருக்குக் கொடுத்துச் சறுக்கி, 2021-ல் அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் சறுக்கியது ஊருக்குத் தெரிந்தது, கணக்கு இருந்ததால்.

இங்கே கேட்க வேண்டியதும் அதுதான். மாவட்ட வாரியாக, நீதிமன்றம் கேட்ட அறிக்கை எத்தனை, பிணையில் போனவர் எத்தனை பேர், இரண்டு வருடம் கழித்து அவர்களில் வேலையில் இருப்பவர் எத்தனை பேர், மறுபடி கூண்டில் நிற்பவர் எத்தனை பேர்? ஆண்டுக்கு ஒரு பக்கம் வெளியிட்டால் போதும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டில் பொருளைத் திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்கியிருக்கிறது. அதற்கும் நாளை வருகைப் பதிவு மட்டும்தான் மிஞ்சும் என்றால் பெயர்தான் புதிது.

2025 ஏப்ரலில், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 4-வது பிரிவு பொருந்தும் இடத்தில் நன்னடத்தைப் பிணையைப் பரிசீலிக்காமல் விட நீதிமன்றத்துக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ தெருப் பிள்ளைக்கோ அது முதல் வழக்காக இருந்தால், தண்டனை பற்றிய வாதத்துக்கு முன்பே வக்கீலிடம் கேளுங்கள்: "நன்னடத்தை அலுவலர் ரிப்போர்ட் கேட்டு மனு போட்டாச்சா சார்?"